கேம் ரிமோட்டில் இருந்த சாவு அடி

அந்தப் பட்டனை அமுக்கியது நீங்கள். நான் இல்லை.

நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். போன வருடம் திருவிழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி வாக்கில், என் கையிலிருந்த கேம் ரிமோட்டைப் பிடுங்கினீர்கள். பக்கத்தில் நின்ற பெரிய மனிதருக்குக் காட்டுவதற்காக அமுக்கினீர்கள். பிறகு நடந்ததை எல்லாம் என் தலையில் போட்டீர்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் முதல் இரண்டு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலிப்பதில்லை. எனக்கு அழகாக எழுதவும் வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் பதுளை டவுனில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். காலையில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறிப் போவேன், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம் நானா. முதலில் போன் மட்டும்தான் திருத்தினோம். பிறகு டவுன் பிள்ளைகள் கேம் விளையாடுகிற கொன்ட்ரோலர்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் அதற்கு கேம் ரிமோட் என்று பெயர். இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி இருக்கும். கட்டைவிரல் படுகிற இடத்தில் நான்கு பட்டன், ஆட்காட்டி விரல் படுகிற இடத்தில் தோளில் இரண்டு பட்டன், நடுவில் இரண்டு சின்னக் குச்சி. பெரும்பாலும் அந்தக் குச்சிதான் முதலில் பழுதாகும். தேய்ந்து போனால் யாரும் தொடாமலே ஒரு பக்கமாகச் சாயும். கேமில் ஆள் சும்மா நின்றாலும் தானாக நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொள்வான்.

திருத்திக் கொடுத்தால் சிலர் வந்து எடுக்கவே மாட்டார்கள். அப்படி மிஞ்சியதை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தோம்.

"அந்த டின்ன வீசு புள்ள. கடையில கால் வைக்க எடமில்ல" என்றார் நானா.

"வீசுறதுல ஒண்ணு நான் எடுத்துக்கவா நானா?"

"ஒண்ணு எதுக்கு, டின்னோட கொண்டு போ. என்ன, லயத்துல கேம் சென்டர் போடப் போறியா?"

டின்னோடு எடுக்கவில்லை. ஒன்றை எடுத்தேன். இடது குச்சி சாய்கிற ஒன்று.

வீட்டில் ஒரு பழைய லெப்டொப் இருந்தது. அதுவும் கடையில் கழித்ததுதான். கொன்ட்ரோலரை அதில் மாட்டி, எந்த பட்டன் வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சின்ன மென்பொருள் போட்டேன். பட்டனை அமுக்கினால் திரையில் ஒரு வட்டம் எரியும். அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, வட்டம் எரிவதற்குப் பதில் ஒரு சத்தம் வந்தால் என்ன என்று தோன்றியது. தேடினேன். இலவசமாகவே ஒன்று கிடைத்தது. பட்டன் அமுக்குவதை இசைக் குறிப்பாக மாற்றி இன்னொரு மென்பொருளுக்கு அனுப்பும். அந்த இரண்டாவது மென்பொருளில் நான் எந்தச் சத்தத்தைப் போட்டு வைத்திருக்கிறேனோ அது கேட்கும். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் தப்பு அடிக்கிறவர்கள். வட்டமான சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய மேளம் அது. பெண்கள் அதைத் தொடக்கூடாது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கேம் ரிமோட்டைத் தொடக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. அதனால் அதை எடுத்தேன். இதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே அண்ணன். மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், தோட்டத்தில் எது நடந்தாலும் தப்பு அடிக்கிறவர். அவரும் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் நானும் ஒரே காம்பராவில்தான் இருக்கிறோம்; லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு அறைக்கு அந்தப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பின்பக்கம் முட்டைக்கோஸ் போட்டிருக்கிற கோவாத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் போனைக் கல்லில் சாய்த்து வைத்தேன்.

"என்ன அடிக்கணும்?" என்றார்.

"ஒவ்வொரு அடியா அடி. நடுவுல கொஞ்சம் நிப்பாட்டு."

"ஒவ்வொண்ணா அடிச்சா கதவத் தட்டுற மாதிரி இருக்கும்டி."

"நீ தட்டு. நான் தெறக்கிறேன்."

சிரித்துக்கொண்டே அடித்தார். தடித்த குச்சியால் நடுவில் ஒன்று. விளிம்பில் ஒன்று. மெல்லிய குச்சியால் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒன்று. இந்த நான்கையும் நான்கு பட்டனில் வைத்தேன். கட்டைவிரல் ஓடுகிற வேகத்துக்குத் தப்பு பேசியது. சாய்கிற குச்சியைச் சத்தத்தின் சுருதிக்கு இணைத்தேன். அது தானாகச் சாயச் சாய, சத்தம் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். முதலில் அது பழுது என்று நினைத்து நிறுத்தப் பார்த்தேன். அண்ணன் கேட்டுவிட்டு, "விடு, அப்படியே இருக்கட்டும்" என்றார். "பனி மூட்டத்துல நின்னு அடிச்சா தோலு தளந்து இப்படித்தான் எறங்கும். நாங்க ஓடிப்போய் நெருப்புல காச்சுவோம். ஒன் பொட்டிய எதுல காச்சுவ?"

தனித்தனி அடி முடிந்ததும் அண்ணன் நிறுத்தவில்லை. கோயில் அடி, கல்யாண அடி, ஊர்வல அடி என்று முழுசு முழுசாக அடித்தார். கடைசியாக சாவு அடி.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒருவர் இறந்தால் சாவு அடி அடிப்பார்கள். மெதுவாக மூன்று அடி, ஒரு இடைவெளி, பிறகு ஓட்டம். அந்தச் சத்தம் கேட்டால் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் கையை நிறுத்துவார்கள். எந்த லயம், யார் வீடு என்று கேட்பார்கள். கங்காணி தடுக்க மாட்டார். துரையும் தடுக்க மாட்டார். கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கி வருவார்கள். போன் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த அடி கேட்டால்தான் சாவு உறுதி. சும்மா பழகிப் பார்ப்பதற்குக்கூட அதை யாரும் அடிக்க மாட்டார்கள்.

அண்ணன் அன்று கோவாத் தோட்டத்தில் அதைத் தொடையில் தட்டுகிற மாதிரி மிக மெதுவாகத்தான் அடித்தார். லயத்துக்குக்கூடக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டியது நான். கம்ப்யூட்டரில் அது ஒரு பெரிய காரியம் இல்லை.

ஏன் அதை வைத்துக்கொண்டேன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அண்ணன் அடிக்கிற அடிகளில் அதுதான் நன்றாக இருக்கும். வேறு காரணம் இல்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு, அதன் வேகத்தை மாற்றி, வேறு சத்தங்களைச் சேர்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். இடது தோள் பட்டனை அமுக்கிப் பிடித்தால் நான்கு பட்டனும் முழு அடிகளாக மாறும். மேலே கோயில் அடி, இடது பக்கம் கல்யாணம், வலது பக்கம் ஊர்வலம், கீழே சாவு. ஒரு தடவை அமுக்கினால் அது திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். தோள் பட்டனைப் பிடித்துக்கொண்டு அதே பட்டனை மறுபடி அமுக்கினால்தான் நிற்கும். கோயிலுக்குக் கொண்டு போகிறபோது கீழ்ப் பட்டனில் இருந்ததை நான் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. அது என் பிழை. இதுவரை ஊரார் என் பிழை என்று சொன்னவற்றில் உண்மையானது இது ஒன்றுதான்.

பக்கத்து லயத்தில் ஒரு சடங்கு வீட்டில் என்னை வாசிக்கச் சொன்னார்கள், அதை நீங்கள் கேட்டீர்கள். அடுத்த நாள் எங்கள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வந்து நின்றீர்கள். அதற்கு முன் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"பாப்பா, திருவிழாவுக்கு நீதான் வாசிக்கணும். மண்டபத்துக்குள்ளயே மேச போட்டுத் தர்றேன்" என்றீர்கள்.

அண்ணன் கதவோரம் நின்றார். அவர் இத்தனை வருடமாகத் திருவிழாவுக்கு அடிக்கிறார். மதிலுக்கு வெளியே நின்றுதான் அடிப்பார். எங்கள் அப்பாவும் அங்கேதான் நின்றார். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நீங்கள் அண்ணனைப் பார்த்து, "நீயும் வழக்கம் போல வந்துருப்பா" என்றீர்கள். வழக்கம் போல என்றால் மதிலுக்கு வெளியே.

அண்ணன் கையால் அடித்த அடி மண்டபத்துக்குள் வரலாம். அண்ணன் வரக்கூடாது. கம்ப்யூட்டரில் இருந்து வந்தால் அது சுத்தம். அன்றைக்கே இதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மண்டபத்துக்குள் மேசை போட்டுத் தருகிறேன் என்றதில் எனக்கு ஆசை வந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு அண்ணன் சொன்னார், "போடி, போய் வாசி. என் கையாச்சும் உள்ள போகட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கொடியேற்றம். மலையில் வழக்கம் போல வேலை. மூட்டம் கட்டியிருந்தது, கோயில் வாசலில் நின்று பார்த்தால் எதிரே நான்காம் நம்பர் மலை தெரியவில்லை. அங்கேதான் மேல் டிவிசன் பெண்களும் எங்கள் லயத்துப் பெண்கள் சிலரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். புது ஸ்பீக்கர்களை டர்பன்டைன் மரத்தில் கட்டியிருந்தீர்கள். அதை வாங்கித் தந்த பெரிய மனிதர் டவுனிலிருந்து பார்க்க வந்திருந்தார். நான் மேசையில் எல்லாவற்றையும் மாட்டி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கோயில் அடியை ஒரு தடவை ஓட்டி நிறுத்தினேன். நீங்கள் அவரை அழைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"இதுதாங்க ஐயா, புள்ளைங்க கேம் வெளையாடுற சாமான். இத வச்சு நம்ம தோட்டத்துப் புள்ள மேளம் வாசிக்குது."

"இதுலயா?" என்றார் அவர்.

"பாக்குறீங்களா?" என்று சொல்லி என் கையிலிருந்து பிடுங்கினீர்கள்.

"தலைவருங்க, குடுங்க, நான் காட்டுறேன்" என்றேன்.

"இரு புள்ள. ஒரு பட்டன் அமுக்க எனக்குத் தெரியாதா?"

உங்களுக்குப் பெரிய கை. பிடித்த பிடியிலேயே உங்கள் ஆட்காட்டி விரல் இடது தோள் பட்டனை அமுக்கியிருந்தது. எனக்கு அது தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் உங்கள் கட்டைவிரல் கீழ்ப் பட்டனில் இறங்கிவிட்டது.

மூன்று அடி. இடைவெளி. ஓட்டம்.

நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது. மூட்டத்துக்குள் போய் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மதிலுக்கு வெளியே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். தன் இரண்டு கையையும் பார்த்தார். அவர் கை சும்மா இருந்தது, அவர் அடி கேட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் நிறுத்தப் பார்த்தீர்கள். மற்ற எல்லாப் பட்டனையும் அமுக்கினீர்கள். அமுக்க அமுக்க அதன் மேல் கல்யாண அடி ஏறியது, ஊர்வலம் ஏறியது. உங்களுக்குப் பயந்து அது அதிர ஆரம்பித்த மாதிரி கொன்ட்ரோலர் உங்கள் கையில் நடுங்கியது. அது அப்படித்தான், அடிக்கு ஏற்ற மாதிரி அதிரும். நான் பிடுங்கி நிறுத்தினேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது.

பெரிய மனிதர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அவர் டவுன்காரர், அவருக்கு அந்த அடி என்னவென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மைக் மேசையில்தான் இருந்தது. சுவிட்சும் போட்டிருந்தது. நான் உங்கள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னேன், "தலைவருங்க, மைக்ல சொல்லிடுங்க. யாரும் சாகலன்னு சொல்லிடுங்க. மலையில கேட்டிருக்கும்."

"பெரியவர் நிக்கிறாரு. இப்பப் போயி மைக்ல சாவு கீவுன்னு பேசுவாங்களா? சும்மா இரு."

சும்மா இருந்தேன். கையை நீட்டினால் மைக். நீட்டவில்லை. இதை நான் தினமும் ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்கிறேன். நினைத்தால் ஒன்றும் ஆவதில்லை, ஆனாலும் நினைக்கிறேன்.

மலையில் நடந்ததைப் பிறகு மற்றப் பெண்கள் சொல்லித்தான் தெரியும். அடி கேட்டதும் எல்லாரும் கையை நிறுத்தியிருக்கிறார்கள். "எந்த லயம்டி?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "கோயில் பக்கந்தான் கேக்குது, பணிய லயமா இருக்கும்" என்று இன்னொருத்தி சொல்லியிருக்கிறாள். பணிய லயம் என்றால் கீழே இருக்கிற எங்கள் லயம். அதில் நான்காவது காம்பரா அக்கா அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். அவருடைய புருசனுக்கு ஈரல் கெட்டுப்போய், பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டேன் என்றிருக்கிறார். புருசன்தான் "போ, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

அக்கா யாரிடமும் கேட்கவில்லை. கூடையைக்கூடக் கழற்றவில்லை. குறுக்குப் பாதையில் ஓடியிருக்கிறார். மூட்டத்தில் கல்படி தெரியவில்லை. மழைத்தண்ணி ஓடுகிற பெரிய கானில் விழுந்துவிட்டார். இடுப்புக்கு மேலே கான் மதிலில் அடிபட்டது.

கொழுந்து லொறியில்தான் கொண்டு போனார்கள். சாக்குகளை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். லொறி லயத்தைத் தாண்டிப் போகிறபோது நான் ஓடி வந்து எங்கள் வாசலில் நின்றேன். நான்காவது காம்பராக் கதவு திறந்திருந்தது. அக்காவின் புருசன், நான்கு நாளாக எழும்பாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்து நின்றார்.

"மேளம் கேட்டுச்சே" என்றார் என்னிடம். "யாரும்மா போயிட்டா?"

நான் லொறியைப் பார்த்தேன். அவரும் லொறியைப் பார்த்தார். அதற்குள் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் மேல் டிவிசன் ஆட்கள் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். சாவு இல்லாமல் சாவு அடி அடித்தது யார் என்று கேட்டார்கள். நீங்கள் என்னைப் பூசைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டீர்கள். நீங்கள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"இங்க பாரு பாப்பா. நான் அமுக்கினேன்னு சொன்னா மேல் டிவிசன்காரன் திருவிழாவையே வேணாங்கிறான். தோட்டம் ரெண்டாப் போயிரும். நீ சொன்னா, சின்னப் புள்ள, தெரியாம நடந்துருச்சுன்னு விட்ருவாங்க."

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

"வீட்டு லிஸ்ட் நான்தான் குடுக்கணும். ஒங்கண்ணன் பேரு அதுல இருக்கு. அத நெனச்சுக்க" என்றும் சொன்னீர்கள்.

லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஐந்து பேர் ஒரே காம்பராவில் படுக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

வெளியே வந்தேன். மைக்கை நீங்களே என் கையில் கொடுத்தீர்கள். காலையில் கொடுக்காத மைக். "நான்தான் தெரியாம அமுக்கிட்டேன், எல்லாரும் மன்னிச்சுக்குங்க" என்றேன். என் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் போனது. நன்றாகத் தெளிவாகக் கேட்டது. நல்ல ஸ்பீக்கர்தான்.

கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள், "பொட்டச்சி மேளத்தத் தொட்டா இப்படித்தான்." இன்னொருவர், "அந்த வீட்டு ஆளுங்கள உள்ள விட்டீங்கல்ல, அதான்" என்றார். நீங்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

திருவிழா நடந்தது. மண்டபத்தில் மேசை இல்லை. அண்ணனையும் வர வேண்டாம் என்றார்கள். வெளியூர் மேளம் கூப்பிட்டார்கள். அண்ணன் நான்கு நாளும் வீட்டில் கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் அமுக்கியது என்று அவருக்குத் தெரியும், வெளியே நின்று பார்த்தவர். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சோறு தின்றுகொண்டே, "நான் வீடு கேட்டனா ஒன்ன?" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நான் கடைக்குப் போய் வந்தேன். அங்கே இன்னும் கொன்ட்ரோலர்கள் வருகின்றன. மாட்டி, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்க்கிறேன். திரையில் வட்டம் எரிகிறது, அணைகிறது. சத்தம் எதுவும் இணைப்பதில்லை. அதிர்வு வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அதற்கு உள்ளங்கையில் வைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறேன். அதிர்கிறது. சரி என்று எழுதி ஒட்டுகிறேன். நானா ஒரு நாள் கேட்டார், "என்ன புள்ள, முந்தி பாட்டுப் பாடிக்கிட்டே வேல செய்வ. இப்ப மெசின் மாதிரி இருக்க." நான் முன்பு பாடினேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தோட்டத்திலும் ஒன்று மாறியது. ஐப்பசியில் மேட்டு லயத்தில் ஒரு பெரியவர் இறந்தார். வேறு ஆள் இல்லாமல் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள், அவரும் போனார். சாவு அடி அடித்தார். மேல் டிவிசனில் யாரும் கூடையை இறக்கவில்லை. போனை எடுத்து, "நெசமா, பொட்டியா?" என்று கேட்டார்கள். பொட்டி என்றால் என் கம்ப்யூட்டர். நெசம்தான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி, அவர்கள் வந்து சேர்வதற்குள் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். இப்போது எந்தச் சாவுக்கும் அப்படித்தான். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் பையன்கள் கேட்கிறார்கள், "என்னக்கா, இன்னைக்கு நெசமா பொட்டியா?" நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவின் முதுகில் இரும்பு வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவருடைய புருசன் சாகவில்லை. எப்படி என்று டாக்டருக்கே தெரியவில்லை என்கிறார்கள். மஞ்சள் கண்ணோடு, வீங்கிய காலோடு, அவர்தான் இப்போது அடுப்பு மூட்டுகிறார், தண்ணி கொண்டு வருகிறார், அக்காவுக்குத் தலை வாருகிறார். ஒரு வாரம் தாண்டமாட்டார் என்ற மனிதர்.

தை மாதம்தான் நான் போய்ப் பார்த்தேன். அதுவரை அவர்கள் வாசலைத் தாண்டும்போது வேகமாக நடப்பேன். அன்றைக்கு அவர்தான் கூப்பிட்டார், "உள்ள வாம்மா, ஒங்கக்கா ஒன்னக் கேட்டுச்சு."

அக்கா படுத்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர்தான் பேசினார்.

"ஏன் வராமலே இருக்க? ஊரு ஆயிரம் பேசும். நீ வேணும்னா செஞ்ச? வெரலு பட்டுருச்சு. விடு."

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு ஒம்மேல ஒண்ணுமில்ல, தெரிஞ்சுக்க. வாசிக்கிறத நிப்பாட்டிட்டியாமே. ஏன்? நல்லாத்தானே இருந்துச்சு. ஒங்கண்ணன் அடிக்கிற மாதிரியே இருந்துச்சு, அதான் நான் ஓடுனேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய புருசனும் அடுப்படியிலிருந்து சிரித்தார். "நல்லா ஏமாந்தா" என்றார். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும். சில சமயம் வேறு ஆளின் கடிதம் மாறி நம் கைக்கு வந்துவிடும். அந்த மன்னிப்பு அப்படி என்னிடம் வந்து கிடக்கிறது. அது உங்களுக்கு உரியது, தலைவரே. நான் அதைப் பிரித்துப் படித்துவிட்டேன். திருப்பி உங்களிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அக்கா யாரை மன்னிக்கிறார் என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு மன்னிக்கிறாரோ இல்லையோ, அது அவர் பாடு.

போன மாதம் வீட்டு லிஸ்ட் வந்தது. அண்ணன் பெயர் இருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். அடித்தளத்துக்கு மண்ணும் வெட்டிவிட்டார்கள். நான்காவது காம்பராவின் பெயர் இல்லை. எழும்பி நடக்க முடியாத பெண், ஈரல் கெட்ட ஆண், அவர்களுக்கு இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அடுத்த லிஸ்டில் பார்ப்போம் என்றீர்களாம்.

போன வாரம் உங்கள் ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். உள்ளே புது கொன்ட்ரோலர். அதோடு இந்த வருடத் திருவிழா நோட்டீஸ். அதில் என் பெயர் அச்சடித்திருக்கிறது, பெயருக்குப் பக்கத்தில் கணினி மேளம் என்று போட்டிருக்கிறது. மேல் டிவிசன்காரர்களின் கோபம் ஆறிவிட்டது, அந்தப் பெரிய மனிதர் மறுபடி வருகிறார், அவர் கேட்டாராம், "போன தடவ அந்தச் சாமானில வாசிச்ச புள்ள எங்க?"

பெட்டியைத் திறந்து மாட்டிப் பார்த்தேன். பழக்கம். எல்லாப் பட்டனும் வேலை செய்கிறது. குச்சி அசையாமல் நடுவில் நிற்கிறது. நல்ல சாமான். மறுபடி பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன், "நான் உண்மையச் சொன்னா பேர எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுக்கட்டும். லயத்துல பொறந்தவனுக்கு லயம் என்ன புதுசா?" என்றார். பிறகு, "ஒங்கண்ணிக்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்க" என்றார். அண்ணியிடம் கேட்டேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "மண்ணு வெட்டுனது வெட்டுனதுதான்" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடி கேட்கவில்லை.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். சாவு அடியை அழிக்காமல் கொண்டு வந்தது நான். மைக் பக்கத்தில் இருந்தும் கையை நீட்டாதது நான். ஊருக்கு முன்னால் பொய் சொன்னது நான். வீட்டுக்காகச் சொன்னேன்.

கொடியேற்றத்தன்று நான் வருவேன். புதியதைக் கொண்டு வர மாட்டேன், அந்தப் பழைய கொன்ட்ரோலரைத்தான் கொண்டு வருவேன். அண்ணனையும் மண்டபத்துக்குள் கூட்டி வந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைப்பேன். நான்காவது காம்பரா அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வர லயத்தில் நான்கு பேர் இருக்கிறோம். நீங்கள் வரவேற்புரை சொல்ல மைக்கைப் பிடிப்பீர்கள். பிடித்ததும் முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். போன வருடம் அந்தப் பட்டனை அமுக்கியது யார்? யாரும் சாகவில்லை என்று மைக்கில் சொல்லவிடாமல் தடுத்தது யார்?

எனக்குத் தனியாக வந்து சொல்ல வேண்டாம். சாமான் அறைக்குக் கூப்பிட வேண்டாம். கமிட்டிக் கூட்டத்திலும் வேண்டாம். அதே மைக்கில், அக்காவைப் பார்த்துச் சொல்லுங்கள். நான்காம் நம்பர் மலை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தை நான் வைத்துத் தருகிறேன்.